பீட்டில்ஸின் 'தி இன்னர் லைட்': பம்பாயில் பிறந்த பி-சைடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தப் பாட்டு? கேள்விப்பட்டதே இல்லையே?

1968 மார்ச்சில் இங்கிலாந்து ராக் குழுவான பீட்டில்ஸ் வெளியிட்ட 'லேடி மடோனா' இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டு. இங்கிலாந்தில் மார்ச் 15 அன்று பார்லோஃபோன் முத்திரையிலும், அமெரிக்காவில் மூன்று நாள் கழித்து கேபிட்டல் முத்திரையிலும் வந்தது. எழுதி இசையமைத்துப் பாடியவர் குழுவின் கிட்டார்காரர் ஜார்ஜ் ஹாரிசன். நீளம் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். கிட்டார், டிரம்ஸ், பேஸ் எதுவும் கிடையாது. வாத்தியம் முழுக்க இந்திய வாத்தியம், வாசித்தவர்கள் இந்தியக் கலைஞர்கள், பதிவானது பம்பாயில்.

கேள்விப்படாமல் இருப்பதில் வியப்பில்லை. வெளிவந்தபின் பத்து ஆண்டுகள் எந்த ஆல்பத்திலும் இது சேரவில்லை. சின்ன இசைத்தட்டு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்த பாட்டு, அவர்களிலும் தட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டவர்களுக்கு மட்டும்.

பி-சைடு என்றால் சரியாக என்ன?

ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று. பக்கத்துக்கு ஒரு பாட்டு. வானொலிக்கும் விற்பனைக்கும் முன்னால் நிறுத்துவது ஏ பக்கம். மறுபக்கத்தைக் காலியாக விட முடியாதென்பதால் வைப்பது பி பக்கம். அதனாலேயே பல குழுக்கள் தங்கள் துணிச்சலான சோதனைகளை அங்கே வைத்தன. விற்பனைக் கவலை அந்தப் பக்கத்துக்கு இல்லை.

ராக் குழு இதை எதற்காகப் பம்பாயில் பதிவு செய்தது?

குழு வரவில்லை, ஹாரிசன் மட்டும்தான் வந்தார். ஜோ மசோட் இயக்கிய 'வொண்டர்வால்' என்ற படத்துக்கு அவர் இசையமைத்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு பகுதியை லண்டனில் முடித்துவிட்டு, இந்திய வாத்தியப் பகுதிகளுக்காக 1968 ஜனவரியில் பம்பாய் வந்தார். பதிவு நடந்தது ஃபோர்ட் பகுதியில், ஃபெரோஸ்ஷா மேத்தா சாலையில் இருந்த எச்.எம்.வி. ஸ்டூடியோவில். படத்துக்கான வேலை போக நேரம் மிஞ்சியது. கலைஞர்களும் கூடவே இருந்தார்கள். அந்த மிச்ச நேரத்தில் எடுத்ததுதான் இந்தப் பாட்டின் வாத்தியத் தடம். பெரும்பாலான பதிவேடுகள் தரும் தேதி ஜனவரி 12.

படத்துக்கான இசை அந்த நவம்பரில் 'வொண்டர்வால் மியூசிக்' என்று, பீட்டில்ஸின் சொந்த இசை நிறுவனமான ஆப்பிளின் முதல் ஆல்பமாக வந்தது. அதைக் கேட்டுவிட்டு இந்தப் பாட்டைக் கேட்டால் உறவு உடனே புரியும்: அதே அறை, பல இடங்களில் அதே விரல்கள்.

வாசித்தவர்கள் யார் யார்?

சரோத் வாசித்தவர் ஆஷிஷ் கான், அலி அக்பர் கானின் மகன். பக்காவஜ் (மிருதங்கம் போன்ற வடக்கத்தியத் தோல்வாத்தியம்) மகாபுருஷ் மிஸ்ரா. இவர் அலி அக்பர் கானின் நெடுநாள் தபலா துணை. ஷெனாய் ஹனுமான் ஜாதேவ், ஆர்மோனியம் ரிஜ்ராம் தேசாத். புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. அப்போது அவருக்கு 29 வயது. ஒடிசாவில் வானொலி வேலையில் இருந்துவிட்டுப் பம்பாய்க்கு வந்து, திரைப்பட ஒலிப்பதிவுகளில் வாசித்துக்கொண்டிருந்த காலம்.

ஆட்களைச் சேர்த்துக் கொடுத்ததில் சம்பு தாஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ரவி சங்கரின் சீடர். 1966இல் ஹாரிசன் பம்பாய் வந்தபோது அவருக்குச் சிதார் பயிற்சியில் உதவியவர்.

லண்டனில் எடுத்த ஹாரிசனின் முந்தைய இந்தியப் பாட்டுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 'லவ் யூ டூ' (1966), 'விதின் யூ விதவுட் யூ' (1967) இரண்டுக்கும் அங்கிருந்த ஏஷியன் மியூசிக் சர்க்கிள் வழியாகக் கிடைத்தவர்கள் வாசித்தார்கள். அவர்களில் பலருக்கு இசை முழுநேரத் தொழில் அல்ல. பம்பாயில் இருந்தவர்களுக்கு அதுதான் சோறு. ஒரு முறை பாடிக் காட்டினால் பிடித்துக்கொண்டு, நேரத்துக்குள் முடித்துக் கொடுக்கும் ஸ்டூடியோ பழக்கம் உள்ளவர்கள். இந்தப் பாட்டில் தயக்கமே கேட்காததற்குக் காரணம் அதுதான்.

இதில் சிதார் வாசிப்பது ஹாரிசன்தானே?

இல்லை. கலைஞர் பட்டியலில் சிதாரே கிடையாது. சிதார் என்று பலர் நினைப்பது சரோத். வேறுபாட்டைக் காதால் பிடிக்க எளிய வழி உண்டு. சிதாரில் மெட்டுகள் (கம்பியை அழுத்தும் குறுக்குத் தண்டுகள்) உண்டு. கம்பிகளைத் தாங்கும் தட்டையான குதிரையின் மேல் கம்பி உரசுவதால் 'ஜ்ஜ்ஜ்' என்று ஒரு ரீங்காரம் கூடவே வரும். சரோதில் மெட்டு கிடையாது. வழவழப்பான உலோகப் பலகையின் மேல் நகம் வழுக்கிச் செல்லும். அடிப்பகுதியில் தோல் போர்த்தியிருக்கும். அதனால் ஒலி கனமாக, சற்று மொத்தையாக எழுந்து சீக்கிரம் அடங்கும்.

ஸ்டூடியோவில் என்ன சிக்கல் வந்தது?

முதல் சிக்கல் இயந்திரம். பம்பாயில் இருந்தது எல்லா ஒலியையும் ஒரே தடத்தில் பதியும் மோனோ ரெக்கார்டர் மட்டும். ஹாரிசனே பின்னாளில் சொன்னபடி, இரண்டு தடங்கள் உள்ள ஸ்டீரியோ இயந்திரம் ஒன்றை பாஸ்கர் மேனன் கல்கத்தாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்து கொடுத்தார். கிட்டத்தட்ட 2,000 கி.மீ. பயணம், அதுவும் சூட்கேஸ் அளவுப் பெட்டியல்ல, லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோவில் இருந்ததைப் போன்ற பெரிய இயந்திரம். கல்கத்தா என்பதற்குக் காரணம் இருக்கிறது: எச்.எம்.வி.யை நடத்திய கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் தலைமையகமும் டம்டம் தொழிற்சாலையும் அங்கேதான். அந்த நிறுவனத்தில் இருந்த, திருவனந்தபுரத்தில் பிறந்த பாஸ்கர் மேனன்தான் பிற்காலத்தில் கேபிட்டலுக்கும், அதன்பின் பிரிட்டிஷ் நிறுவனமான இ.எம்.ஐ.யின் உலக இசைப் பிரிவுக்கும் தலைவரானவர்.

இரண்டாவது, சத்தம். அறைக்குப் போதிய ஒலித்தடுப்பு இல்லை. வெளியே போக்குவரத்து. மாலை ஐந்தரைக்கு அதே கட்டடத்தின் அலுவலகங்கள் விட்டதும், படிகளில் இறங்கும் கூட்டத்தின் காலடிச் சத்தம் ஒலிவாங்கியில் ஏறிவிடும். அந்த நேரத்தில் பதிவை நிறுத்தியாக வேண்டும்.

இரண்டே தடங்கள் என்றால் வேலை எப்படி நடக்கும்?

இன்று வீட்டுக் கணினியில்கூட வாத்தியத்துக்கு ஒன்றாகத் தனித் தடம் போடலாம். இரண்டு தடத்தில் அது முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் வாசிக்க வேண்டும். எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை அந்த நிமிடமே, வாசிக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பக்காவஜ் அதிகமாகப் பதிந்துவிட்டால் பிறகு அதை மட்டும் குறைக்க வழியில்லை. ஷெனாய் முழு ஓசையில் எழுந்தால் ஆர்மோனியத்தை விழுங்கிவிடும்.

இந்தப் பாட்டின் அமைப்பைக் கவனித்தால் இதற்கான பதில் அங்கேயே இருக்கிறது. உரத்த வாத்தியங்கள் பல்லவிக்கு முன்னும் இடையிசையிலும்தான் முழு வீச்சில் வருகின்றன. குரல் நுழையும் இடத்தில் வாத்தியங்கள் ஒதுங்கி, சுருதியும் மெல்லிய ஒலிகளும் மட்டும் நிற்கின்றன. பாடலுக்கு அடக்கம் வேண்டும் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு தடப் பதிவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

குரல் எப்போது சேர்ந்தது?

லண்டனில், அபே ரோடு ஸ்டூடியோவில், பிப்ரவரி 6 அன்று. பம்பாயின் இரண்டு தட நாடாவை முதலில் நான்கு தட நாடாவுக்குப் பிரதி எடுத்தார்கள். இசை இரண்டு தடங்களை எடுத்துக்கொண்டால் மிச்சம் இரண்டு. குரலுக்கு அது போதும். இப்படிப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாடாவின் 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் கொஞ்சம் கூடும், ஒலியின் மேல்முனை கொஞ்சம் மழுங்கும். பாட்டின் மேல் மெல்லிய புகை படிந்ததுபோல் தோன்றுகிறது என்பார்களே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

அன்று ஹாரிசன் பாடத் தயங்கினார். இந்த மெட்டுக்குத் தன் குரல் நியாயம் செய்யாது என்ற எண்ணம் அவருக்கு. நாடாவை இயக்கிய உதவியாளர் ஜெர்ரி பாய்ஸ், குழுவின் இன்னொரு பாடகர் பால் மெக்கார்ட்னி ஊக்கம் கொடுத்துப் பாடவைத்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் அன்று அங்கே இல்லை. பாடகி சில்லா பிளாக்கின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போயிருந்தார். அதே நாள் இரவில், அதே கட்டடத்தில் 'லேடி மடோனா'வுக்கான சாக்ஸபோன்கள் பதிவாயின. ஒரே தட்டின் இரு பக்கங்களும் ஒரே நாளில் இவ்வளவு எதிரெதிர் ஒலிகளோடு உருவானது வேடிக்கைதான்.

பிப்ரவரி 8 அன்று கடைசி வரிக்கு மட்டும் குழுவின் ஜான் லெனானும் மெக்கார்ட்னியும் துணைக்குரல் சேர்த்தார்கள். கவனமாகக் கேட்டால்தான் பிடிபடும். இந்தப் பாட்டில் அவர்கள் இருவரின் பங்கு அவ்வளவே.

பாடல் வரிகள் யாருடையவை? பகவத் கீதை என்கிறார்களே?

கீதை அல்ல, சீனத்துப் பழைய தத்துவ நூலான தாவோ தே ஜிங். குழப்பம் வந்த வழி தெளிவு: வரிகளைக் கொடுத்தவர் கீதையை மொழிபெயர்த்தவர்.

அவர் பெயர் ஹுவான் மாஸ்கரோ. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதம் கற்பித்தவர். பெங்குவின் பதிப்பகத்துக்காகக் கீதையையும் உபநிடதங்களையும் ஆங்கிலத்தில் தந்தவர். 1967 இலையுதிர்காலத்தில் ஹாரிசனும் லெனானும் டேவிட் ஃப்ராஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தியானம் பற்றிப் பேசினார்கள்; அந்த விவாதத்தில் மாஸ்கரோவும் கலந்துகொண்டார். அந்த நவம்பரில் அவர் ஹாரிசனுக்கு ஒரு கடிதமும், தாம் தொகுத்த 'லேம்ப்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற பலசமய நூலையும் அனுப்பினார். அதன் 66ஆம் பக்கத்தில், 48ஆம் பகுதியாக உள்ள தாவோ வரிகளுக்கு இசையமைத்தால் என்ன என்று கேட்டிருந்தார்.

வீட்டுக் கதவைத் தாண்டாமலே உலகை அறியலாம், சன்னலைத் திறந்து பாராமலே வானின் வழியை அறியலாம், தூரம் கூடக் கூட அறிவு குறைகிறது என்பதுதான் அந்தப் பகுதியின் சாரம். ஹாரிசன் அதிகம் மாற்றவில்லை. முதல் பகுதியைத் தன்மையிலும் அடுத்ததை முன்னிலையிலும் வைத்தார். அதாவது 'என் கதவு', பிறகு 'உன் கதவு'. அதில் ஒரு சரணத்துக்கு இரண்டு சரணம் கிடைத்துவிட்டது. தன் பாடல்கள் பற்றிய நூலில், மாஸ்கரோவுக்காகவே எழுதிய பாட்டு இது என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

47ஆ, 48ஆ? ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே?

இரண்டும் சரி. தாவோ தே ஜிங்கில் அது 47ஆம் அதிகாரம். மாஸ்கரோவின் தொகுப்பு நூலில் 48ஆம் பகுதி. தாவோ நூலை எடுத்து 48ஐத் திறந்தால் வேறு விஷயம் இருக்கும்.

என்ன ராகம்?

இதை ராக ஆலாபனையாக யாரும் இசையமைக்கவில்லை. பாட்டின் அடுக்கு பாப் பாட்டின் அடுக்குதான். ஆனால் ஸ்வரங்களைப் பார்த்தால் நமக்குப் பழகிய இடம். மேற்கத்தியர் மிக்ஸோலிடியன் என்பார்கள், இந்துஸ்தானியில் கமாஜ் தாட், நமக்கு 28ஆவது மேளமான ஹரிகாம்போஜி: சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்தியமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கிட்டார்காரர்களுக்கு: ஈ ஃப்ளாட், எஃப், ஜி, ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், சி, டி ஃப்ளாட்.

தென்னிந்தியக் கோயில் இசையின் சாயல் இதில் உண்டு என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள். இரட்டை நாக்கு ஊதுவாத்தியமான ஷெனாயும் இருபக்கத் தோல்வாத்தியமான பக்காவஜும் சேர்ந்து எழும்போது நாகஸ்வரமும் தவிலும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் வாத்தியமும் கையும் வடக்கத்தியவை. கோயில் பிரகாரம் வரை இழுத்துப் போவது கொஞ்சம் அதிகம் என்பது எங்கள் கட்சி.

நாங்கள் வாசித்துப் பார்க்க வேண்டும். எங்கே தொடங்குவது?

சுருதியில். ஈ ஃப்ளாட் என்றால் இரண்டரைக் கட்டை. தம்புராச் செயலியில் 2½ வைத்து, பஞ்சமத்தில் கம்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டோடு சேர்ந்து வாசிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் டியூனரை வைத்துப் பதிவின் ஷட்ஜத்தைச் சோதியுங்கள். பழைய நாடா இயந்திரங்களின் வேகம் இம்மியளவு பிசகினாலும் சுருதி நகரும். ஏ = 440 ஹெர்ட்ஸ் (வழக்கமான பொதுச் சுருதி அளவு) என்று கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் உரசும்.

கிட்டாரில் முதல் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கி, டி சுருதியில் வாசிக்கிற மாதிரி வாசியுங்கள். அடிக்கம்பி தானாகவே ஈ ஃப்ளாட் சுருதியாக நிற்கும். கீபோர்டில் சி-யில் வாசித்துப் பழகியவர்கள் டிரான்ஸ்போஸை +3 வைத்தால் போதும்.

புல்லாங்குழல் வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். பன்சூரிக்காரர்கள் மேலிருந்து மூன்று துளை மூடியதை ஷட்ஜமாகக் கொள்வார்கள். கர்நாடகக் குழலில் இரண்டு துளை. ஆகவே ஒரே நீளக் குழலுக்கு இரண்டு முறையிலும் சுருதிப் பெயர் ஒரு முழு ஸ்வரம் விலகும். கடையில் சுருதிப் பெயரை மட்டும் சொன்னால் தவறான குழல் வீடு வந்து சேரும். எந்த முறையில் வாசிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பக்காவஜ் கிடைக்காவிட்டால் தபலாவைவிட மிருதங்கம் நெருக்கம். பக்காவஜின் இடப்பக்கம் கோதுமை மாவு, மிருதங்கத்தின் தொப்பியில் (அதன் இடப்பக்கம்) ரவை. அந்த 'தொம்' ஒரே குடும்பம். இரண்டரைக் கட்டைக்கு நீளமான தக்கு (தாழ் சுருதி) மிருதங்கம் வேண்டும். ஐந்து கட்டைப் பாடகிகளுக்கு வாசிக்கும் சிறிய மிருதங்கத்தை இவ்வளவு இறக்கினால் வார் தளர்ந்து நாதம் செத்துவிடும்.

ஷெனாய்க்குப் பதில் நாகஸ்வரம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், நீளமான, தாழ் சுருதியுள்ள பாரி நாகஸ்வரம் இந்தக் கட்டைக்கு ஒத்துவரும். ஆனால் ஒலிவாங்கியை எட்டுப் பத்து அடி தள்ளி வையுங்கள். இல்லையேல் மற்ற எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

எவ்வளவு கவனமாக வாசித்தும் 'அந்த மாதிரி' வரவில்லையே?

முக்கால்வாசிப் பேர் செய்யும் பிழை ஒன்றுதான்: ஒவ்வொரு வரிக்கும் கிட்டார் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) அடுக்குவது. கார்டு மாற மாறச் சுருதியின் தரை காலடியிலிருந்து நகர்ந்துபோகும். முழுப் பாட்டையும் ஷட்ஜ பஞ்சமத்தின் மேலேயே நிறுத்திப் பாருங்கள், பாதி தூரம் வந்துவிடுவீர்கள்.

அடுத்தது நிஷாதம். மேற்கத்திய மேஜர் பழக்கத்தில் விரல் காகலி நிஷாதத்துக்கு ஏறிவிடும். ஒரே ஒரு இடத்தில் ஏறினாலும் பாட்டு கிறிஸ்துமஸ் கீதமாகிவிடும். மூன்றாவது, குரலில் கமகம் போட்டு 'இந்தியத்தனம்' காட்டுவது. ஹாரிசன் நேராக, தணிந்த குரலில், ஏறக்குறைய பேசுவதுபோலப் பாடுகிறார். அசைவெல்லாம் வாத்தியங்களுக்கே.

மோனோ, ஸ்டீரியோ: எதைக் கேட்பது?

1968 இசைத்தட்டில் வந்தது மோனோ. ஸ்டீரியோக் கலவை 1970 ஜனவரியில் தயாரானாலும் 1981இல் வந்த இ.பி. (சிங்கிளைவிடக் கூடுதல் பாட்டுகள் உள்ள சின்னத் தட்டு) தொகுப்புப் பெட்டியில்தான் முதன்முதலில் வெளிவந்தது. ஆல்பத்தில் முதலில் சேர்ந்தது 'ரேரிட்டீஸ்' தொகுப்பில், 1978இல். குறுந்தகட்டில் 1988இன் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' இரண்டாம் பாகம், அது ஸ்டீரியோ. மோனோவைத் தேடுபவர்கள் 2009 மோனோ பெட்டியின் 'மோனோ மாஸ்டர்ஸ்' பகுதிக்குப் போக வேண்டும்.

வாத்தியங்களைப் பிரித்துக் கேட்டுப் பழக ஸ்டீரியோ. பாட்டாகக் கேட்க மோனோ. இரண்டுக்கும் நடுவே 2014இல் மறுவெளியீடான 'வொண்டர்வால் மியூசிக்'கில் குரலில்லாத மாற்றுப் பதிவு ஒன்றும் இருக்கிறது. வாசிக்கப் பழகுபவர்களுக்கு அதுதான் பாடப்புத்தகம். 2006இன் 'லவ்' ஆல்பத்தில் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டின் கடைசியில் இதன் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அது அலங்காரம், பதிப்பு அல்ல.

பழைய தட்டு வாங்க நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

இங்கிலாந்துத் தட்டில் ஆர் 5675, அமெரிக்கத் தட்டில் 2138 என்ற எண் இருக்க வேண்டும். பின்பக்கத்தில் இயற்றியவர் பெயராக ஹாரிசன் மட்டும் இருப்பார். பீட்டில்ஸின் சிங்கிள் தட்டில் அவர் பாட்டு இடம்பெற்றது இதுவே முதல் முறை. ஆப்பிள் முத்திரையுடன் இதை 1968 மார்ச்சின் மூலத்தட்டு என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். ஆப்பிள் முத்திரை பீட்டில்ஸ் தட்டில் ஏறியது அதற்கடுத்து, ஆகஸ்டில் வந்த 'ஹே ஜூட்' முதல்தான்.

அமெரிக்கத் தட்டின் நடுத்துளை பெரியது. அடாப்டர் இல்லாமல் சுழற்றினால் தட்டு ஓரம் சாய்ந்து சுருதி அலையும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திக் கேளுங்கள். ஸ்டீரியோ ஊசி எடுக்கும் மேல்கீழ் அசைவுச் சத்தம் பெருமளவு ரத்தாகிவிடும்.

நன்றாக இருந்தால் ஏன் ஏ பக்கத்தில் வைக்கவில்லை?

1968 பிப்ரவரி நடுவில் குழு ரிஷிகேசம் கிளம்பியது. இல்லாத நாட்களில் கடையில் ஏதாவது இருக்க வேண்டுமே என்று பதிவான பாட்டுகளிலிருந்துதான் இந்தத் தட்டைத் தேர்ந்தார்கள். அதே நாட்களில் பதிவான 'அக்ராஸ் தி யூனிவர்ஸ்' போட்டியில் இருந்தது; பதிவில் லெனானுக்குத் திருப்தி இல்லை. 'லேடி மடோனா' விற்கும் பாட்டு, பிரிட்டனில் முதலிடத்துக்கும் போனது. மெக்கார்ட்னி இந்தியப் பாட்டின் மெட்டைப் பாராட்டினார். ஆனால் குரலும் சுருதியும் மட்டும் நிற்கும் ஒரு தாவோ பாட்டை வானொலியில் முதல் பக்கமாகப் போட எந்த நிறுவனமும் துணியாது. அமெரிக்கப் பட்டியலில் பி பக்கமே தனியாக ஒரு வாரம் 96ஆம் இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரில் இதே பெயரில் ஒரு கதை உண்டே?

உண்டு, 1992இல். தலைப்பு இந்தப் பாட்டிலிருந்து எடுத்ததே. பாட்டு அதில் ஒலிக்காது.

பீட்டில்ஸ் இதை மேடையில் பாடினார்களா?

இல்லை, 1966 ஆகஸ்டோடு அவர்களின் கச்சேரிப் பயணங்கள் நின்றுவிட்டன. ஹாரிசன் மறைந்து ஓராண்டு நிறைந்த 2002 நவம்பர் 29 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் பிரிட்டிஷ் பாடகர் ஜெஃப் லின் பாட, ரவி சங்கரின் மகள் அனுஷ்கா சங்கர் சிதார் வாசித்தார். ஆக, சிதார் கேட்ட நினைவு இருப்பவர்களில் சிலருக்கு அது அங்கிருந்து வந்திருக்கலாம்.